கொடிக்கயிற்றில் ஒரு சட்டை

புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்திருக்கும் உங்களில் நான்கு பேரை இந்த ஆண்டு குடும்ப ஓய்வூதிய மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மேசையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்து, அழுகை ஓய்ந்து, வந்தவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, மிச்சமிருக்கும் ஆள் முதன்முதலாகத் தனியாக வந்து நிற்கிற இடம் அது. என்ன படிவம், எத்தனை நகல், யாருடைய சான்றொப்பம் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது. சுற்றறிக்கை புரியாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் இருக்கிறார். நான் சொல்லப்போவது என் கையாலேயே நான் செய்த ஒரு தப்பை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் ஒரே சீராக எனக்கு ஞாபகம் வருவதில்லை. சில இடங்கள் பளிச்சென்று இருக்கின்றன. சில இடங்கள் வெயிலில் தூரத்துப் பாறை நெளிவதுபோல நெளிகின்றன. அந்த ஊருக்கு நான் சைக்கிளில்தான் போனேன், சக்கரத்தில் முள் ஏறியதுகூட நினைவிருக்கிறது. ஆனாலும் கனவில் போய்வந்த ஊர்போலத்தான் அது எனக்குள் தங்கியிருக்கிறது. ஆகவே நான் சொல்வதில் அங்கங்கே கொஞ்சம் புகை படிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். தர்பார் காலத்துக் கட்டுகள் ஒரு பக்கம், சென்னை சர்க்காரின் புது உத்தரவுகள் ஒரு பக்கம் என்று தாலுகா கச்சேரியில் காகிதம் மலையாகக் கிடந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. குமாஸ்தாவாக இருந்தவனை, ஆள் பற்றாக்குறையால், தற்காலிக ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போட்டிருந்தார்கள். ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அற்பனுக்குப் பவிஷு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்த ரகம்தான்.

யுத்தத்தில் இறந்துபோன சிப்பாய்களின் மனைவிமாருக்குப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் உண்டு. மாதாமாதம் மணியார்டரில் வரும். அது நிற்காமல் வரவேண்டுமானால் வருஷத்துக்கு ஒருமுறை கச்சேரியிலிருந்து ஒரு சான்று போக வேண்டும். இன்னார் உயிரோடு இருக்கிறார், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இரண்டே வரி. அதுவரைக்கும் அந்தந்த ஊர் மணியகாரர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று முறை மாறியது. என் வட்டத்தில் அப்படி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அடைக்கம்மை.

அவளுடைய ஊர் விராலிமலைக்குத் தெற்கே, பெரிய ரோட்டை விட்டு விலகி, பாறையும் செம்மண்ணுமாகப் போகும் வண்டிப்பாதையில் இருந்தது. பங்குனி மாதம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. வழியில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினேன். எத்தனை நேரம் தூங்கினேனோ, மயில் அகவுகிற சத்தத்தில் விழித்தபோது எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்து போயிருந்தது. பையைத் திறந்து காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மீதி வழி முழுக்கப் பாதித் தூக்கத்தில்தான் மிதித்தேன்.

மணியகாரர் ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வீட்டை ஒருவர் கை காட்டினார். கூரை வீடு, முன்னால் வேப்பமரம். மரத்திலிருந்து வாசல் தூணுக்குக் கட்டியிருந்த கொடிக்கயிற்றில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை. காற்று புகுந்து அதன் கைகள் இரண்டும் நிரம்புவதும் தளர்வதுமாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் குடத்தோடு வந்த பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் குங்குமம், தலையில் கிள்ளு கனகாம்பரம், கழுத்தில் புதிதாய் மஞ்சள் பூசிய தாலிக்கயிறு.

நீங்கள்தான் அடைக்கம்மையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். அவள் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே இருட்டில் யாரோ இருமினார்கள்.

"வெளியூரு போயிருக்காக" என்றாள்.

எப்போது வருவார் என்றேன். வந்துருவாக என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் வாசலைப் பார்த்த பார்வையைத் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் வகையறாவில் புருஷன் போனவள் இன்னொருவரைக் கட்டிக்கொள்வது வழக்கத்தில் இருந்தது, அதில் யாருக்கும் குறை கிடையாது. கட்டிக்கொண்டவள் சர்க்கார் பணத்தையும் வாங்குகிறாளே என்பதுதான் எனக்குப் பட்டது. அங்கேயே வேப்பமரத்தடியில் சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். நான் எழுதிய நான்கு வாக்கியங்கள் இன்றும் மனப்பாடம்:

‘மனுதாரர் சுமங்கலிக் கோலத்தில் காணப்பட்டார். வீட்டில் ஆண் உடை உலர்ந்துகொண்டிருந்தது. கணவர் வெளியூர் சென்றிருப்பதாக மனுதாரரே கூறினார். எனவே மறுமணம் செய்துகொண்டதாகத் தெரிகிறது.’

முதல் மூன்று வாக்கியங்களும் சத்தியம். நான்காவதை மட்டும் நானாக நெய்து போட்டேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பார்கள். அதை நூறு தடவை படித்தவன்தான் நான். தாசில்தார் என் அறிக்கையைப் படித்துவிட்டு, பையன் சுறுசுறுப்பாக இருக்கிறானே என்று ஹெட் கிளார்க்கிடம் சொன்னாராம். அந்த வார்த்தையில் ஒரு மாதம் மிதந்துகொண்டிருந்தேன்.

ஆனிக் கடைசியில் ஒருநாள் காலை கச்சேரி வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்து நின்றார். அந்த ஊர்ப் பக்கத்துத் தபால்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெளியே வர முடியுமா சார் என்று கூப்பிட்டார். மரத்தடிக்குப் போனோம். அவர் என்னை ஏசியிருக்கலாம், ஏசவில்லை. அடைக்கம்மைக்கு மூன்று மாதமாக மணியார்டர் வரவில்லை என்றார். போன மாதம் வளையலை விற்றார்களாம். இந்த மாதம் இரண்டு ஆட்டில் ஒன்றை விற்றார்களாம். வானம் பார்த்த பூமி அரைக்குறுக்கம் இருக்கிறது, மழை இல்லை, இனி விற்க அந்த இன்னொரு ஆடுதான்.

"அவ மறுகல்யாணம் கட்டிக்கிட்டாள்ல, எப்படி வரும்?" என்று கேட்டேன்.

தபால்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ யாரையும் கட்டலை சார். அவ புருசன் செத்ததே அந்த வீட்டுல தெரியாது."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னையா என்கிற அந்தப் பையன் கல்யாணமான அடுத்த வருஷமே பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனான். போன இடத்தில் காணாமல் போனான். யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று காகிதம் வந்தது. அந்த வீட்டில் அவனுடைய அம்மாவும் அடைக்கம்மையும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. காகிதத்தைக் கொண்டுபோன தபால்காரரே படித்துச் சொல்ல வேண்டும். அன்று அந்த அம்மா முற்றத்தில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தாராம், மகன் விட்டுவிட்டுப் போன ஒரே நல்ல சட்டையை. வெள்ளிக்கிழமைதோறும் துவைத்துக் காயவைத்து மடித்து வைப்பது அவர் வழக்கம். என்னப்பா எழுதியிருக்கு என்று ஈரக் கையோடு வந்து நின்றாராம். தபால்காரருக்கு நாக்கு எழவில்லை. தூரமா மாத்தியிருக்காக ஆத்தா, இனிமே சம்பளம் உங்க மருமக பேருக்கு நேரா வரும் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், அந்த ஒரு பொய். பிறகு பென்ஷன் மனுவை அவரே பூர்த்தி செய்து, சம்பளக் காகிதம் என்று சொல்லி அடைக்கம்மையின் கைநாட்டை வாங்கினார். மணியகாரருக்கு விஷயம் தெரியும், அவரும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் மணியார்டரோடு வரும் சின்னக் கூப்பன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மா கேட்பார். அதில் கஜானா நம்பரைத் தவிர ஒன்றும் இருக்காது. தபால்காரர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நலம், நீங்க நலமா, சீக்கிரம் வாரேன் என்று வாசிப்பார். அம்மா கேட்பார், மருமகள் நிலைப்படியில் நின்று கேட்பாள். ஆறு வருஷமாக அப்படி வாசித்துக்கொண்டிருந்தார். உடம்பைப் பார்க்காமல் எந்த வீட்டிலும் தாலி இறக்கமாட்டார்கள். இங்கே செய்தியே போகவில்லை. குங்குமம் இருக்கத்தானே செய்யும்.

"குத்தம் எம்மேல சார். என் வேலை போனாலும் சரி. அதுகளுக்குக் கஞ்சிக்கு வழி பண்ணுங்க" என்றார்.

அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. வெட்கம் என்று ஒன்று உண்டு, அது பசியைக் கொல்லும். அந்தச் சட்டை கொடிக்கயிற்றில் கைகளை ஆட்டிக்கொண்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. அதைப் போட்டுக்கொள்ள ஒரு ஆள் வெளியூரில் இருக்கிறான் என்று எழுதினேனே, அந்த ஆளை எந்த ஊரில் போய்த் தேடுவது.

ஹெட் கிளார்க்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி போடுகிறவர், கடுகடுப்பானவர், எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எண்ணம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. முதலில் என்னை நன்றாக வைதார். பிறகு வழியைச் சொன்னார். என் முந்தைய விசாரணை தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும், அது என் தலைவிதி. அதோடு, மனுதாரரிடம் புதிதாக வாக்குமூலம் வாங்க வேண்டும். வழக்கமான வாசகம்தான்: ‘நான் காலஞ்சென்ற இன்னாரின் விதவை. மறுமணம் செய்துகொள்ளவில்லை.’ அதை இரண்டு சாட்சிகள் முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். தாசில்தார் அடுத்த வாரம் மாற்றலாகிப் போகிறார், அதற்குள் வந்தால் இவர் கையெழுத்தோடு போய்விடும். இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் முதலிலிருந்து கிளறுவார், வருஷக்கணக்காகும்.

வாசிக்காமல் கைநாட்டு வாங்கிவிடலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், எனக்கும் தோன்றியது. இப்போது அவர்களுக்குப் பட்டினி வந்ததே, வாசிக்காமல் வாங்கிய ஒரு கைநாட்டாலும் கேட்காமல் எழுதிய ஒரு வாக்கியத்தாலும்தான். மூன்றாவதாக ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாசித்தாலோ, ஆறு வருஷமாக அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவனை நான் போய்க் கொன்றுவிட்டு வர வேண்டும். கஞ்சி வேண்டுமானால் சாவை வாங்கிக்கொள் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் போனேன். தபால்காரரும் மணியகாரரும் சாட்சிகளாக வந்தார்கள். பகல் பொழுது, வெள்ளிக்கிழமை. சட்டை கொடியில் இருந்தது. அந்த அம்மா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கிப்போயிருந்தது. பட்டாளத்து ஆபீசிலிருந்தா வந்திருக்க தம்பி என்று கேட்டார். கச்சேரியிலிருந்து என்றேன். அந்த வித்தியாசம் அவருக்குப் படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, விடியற்காலையில் கண்ட கனவைச் சொல்ல ஆரம்பித்தார். அன்றுதான் முதல்முதலாகக் கண்டவர்போலச் சொன்னார். ஆனால் அது அடிக்கடி வருகிற கனவு என்று தபால்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"கம்மா நெறஞ்சு கெடக்கு தம்பி. இடுப்பளவு தண்ணி. அக்கரையிலேருந்து அவன் நடந்து வாரான், இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு. காலு மட்டும் நனையலை. அதுக்கு என்ன அர்த்தம்?"

கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெடிப்புகளில் கால் நுழையும். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, திரும்பிப் பார்த்தால் தண்ணீர் தெரியுமோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அடைக்கம்மை உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தாள். ரயிலில் வருவாராக இருக்கும் அத்தை, அதனால்தான் கால் நனையவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எனக்கு மோரைக் கொடுத்தாள். அவள் சின்னையாவுக்கு மாமன் மகள்தான், மாமியார் அவளுக்குச் சொந்த அத்தை. அந்த அம்மாவுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். ஹெட் கிளார்க் எழுதிக் கொடுத்த வாசகத்தில் ‘விதவை’ முதல் வரியிலேயே நின்றது. அடைக்கம்மை இரண்டடி தள்ளி நின்றாள், அத்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். தபால்காரர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியகாரர் தொண்டையைச் செருமினார். அந்த வரியை வாசிக்க வாயைத் திறந்தேன். காற்றில் சட்டையின் கை ஒன்று எழும்பி விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது ஒன்று பட்டது. சர்க்கார் என்னை அனுப்பியது எதற்கு? அவள் மறுமணம் செய்தாளா இல்லையா என்று பார்க்கத்தான். அவன் செத்தானா என்பதைப் பட்டாளம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, அதற்கு அவளுடைய சாட்சி யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாததை நான் ஏன் கேட்க வேண்டும்? அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெற்றுத்தாள் ஒன்றை எடுத்தேன்.

"ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க சின்னையாவைத் தவிர வேற யாரையாச்சும் கல்யாணம் கட்டியிருக்கீங்களா?"

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். குடும்பப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது, யார் நீ, எந்த ஊர்க்காரன் என்று என்னை ஒரு பிடி பிடித்தார். நியாயம்தானே. அடைக்கம்மை பதறவில்லை. அத்தையின் தோளில் கையை வைத்து, பட்டாளத்துக்காரர் வீட்டில் எல்லாவற்றையும் கேட்பது ரூல் என்று சமாதானம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டலை. கட்டவும் மாட்டேன்."

அப்படியே எழுதினேன்: ‘அடைக்கம்மையாகிய நான் சின்னையாவின் மனைவி. அவரைத் தவிர வேறு யாரையும் மணந்துகொள்ளவில்லை. மணந்துகொள்ளவும் மாட்டேன்.’ எழுத்து எழுத்தாக உரக்க வாசித்தேன். அத்தை கேட்டார், மருமகள் கேட்டாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையை எண்ணெய்த் தலையில், பூவுக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டாள்.

ஹெட் கிளார்க் அதைப் படித்துவிட்டு, விதவை என்ற வார்த்தை எங்கே என்று கேட்டார். படிவத்தின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறது சார், நாம் ஒருதடவை சொன்னது போதாதா, அவளும் சொல்ல வேண்டுமா என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பொடி மட்டையைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, நிதானமாக இழுத்து, தும்மி, மூக்கைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். பிறகு சுருக்கொப்பம் போட்டுத் தாசில்தார் அறைக்கு எடுத்துப் போனார். ஆடியில் மணியார்டர் வந்தது, பழைய பாக்கியும் சேர்த்து. தபால்காரர் அந்தத் தடவை கூப்பனில், லீவு கிடைக்கலை, அதான் தாமசம் என்று வாசித்தாராம். நான் நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய், பட்டேன். ஆனால் தூக்கம் வந்தது.

கச்சேரியில் எந்த நாற்காலியும் யாருக்கும் சாசுவதமில்லை. எனக்குப் பின்னால் வருகிற இன்ஸ்பெக்டர் என்னைப்போல ஒரு சுறுசுறுப்புக்காரனாக இருந்தால்? அதனால் அந்தக் கோப்பின் உள்ளட்டையில் ஒரு சீட்டை ஊசியால் குத்தி வைத்தேன். ‘இந்த வீட்டில் கீழ்க்கண்ட கேள்வியை மட்டும், இந்த வார்த்தைகளில் மட்டும் கேட்கவும்’ என்று எழுதி, கேள்வியையும் எழுதி, கீழே என் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ரூல் கிடையாது. எனக்குப் பின் நாலைந்து பேர் அந்த வட்டத்துக்கு வந்தார்கள். முரடர் இருந்தார், சோம்பேறி இருந்தார், கை நீட்டுகிறவரும் இருந்தார். ஒருவர்கூட அந்தச் சீட்டைப் பிய்த்து எறியவில்லை. வருஷாவருஷம் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை எழுதிக்கொண்டு வந்தார்கள். நம் உத்தியோகத்தைப் பற்றி ஊர் என்ன பேசினாலும், எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வரும்.

எனக்கும் அந்தக் கனவு அவ்வப்போது வரும். நிறைந்த கண்மாய், அக்கரையில் வெள்ளைச் சட்டை. நான் இக்கரையில் காகிதத்தோடு நிற்பேன். பேர் என்ன என்று கேட்க வேண்டியதைக் கேட்காமல் விழித்துக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதே கச்சேரியில் நானே ஹெட் கிளார்க் ஆகியிருந்தேன். பொடி மட்டும் இல்லை, கடுகடுப்பு வந்திருந்தது. ஒருநாள் முற்பகல், என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். வெற்று நெற்றி, வெற்றுக் கழுத்து, வெள்ளைச் சேலை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டைவிரலைத் தலையில் தேய்க்கிற மாதிரி ஒருமுறை கையைத் தூக்கினாள். அப்போது தெரிந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அத்தை தவறிப்போய்விட்டார், பதினாறாம் நாள் காரியம் முடிந்தது என்றாள். அன்றைக்கே தன் தாலியையும் இறக்கிவிட்டாளாம். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

"இந்த வருசம் என்னை விதவைன்னே எழுதிக்கிடுங்க அய்யா. இனி ஒளிக்கிறதுக்கு வீட்டுல ஆள் இல்லை."

அவர் போய்விட்டது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தபால்காரர் அண்ணன் கூப்பனை வாசித்த முதல் தடவையே தெரியும் என்றாள். நலமா என்று அவள் புருஷன் கேட்டதே கிடையாதாம். போன புதிதில் வந்த கடுதாசியில் எல்லாம் முதல் வரியில் செவலைக்காளை எப்படி இருக்கிறது என்றுதான் இருக்குமாம், அப்புறம்தான் அம்மா, அப்புறம்தான் அவள். காளையைக் கேட்காத கடுதாசி அவன் கடுதாசி இல்லை. அன்றைக்கு ஆடு மேய்க்கப் போன இடத்தில் தனியாக அழுதுவிட்டு, சாயங்காலம் முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாளாம். அத்தைக்குத் தாங்காது என்று. அதற்குப் பிறகு பதினேழு பதினெட்டு வருஷம் தினமும் வைத்துக்கொண்டாள். நான் முதல் தடவை போய்க் கேட்டபோது, வெளியூரு போயிருக்காக என்று சொன்னதும் வாசலைப் பார்த்ததும் அதனால்தான்.

நாங்கள் மூன்று ஆண்கள், தபால்காரரும் மணியகாரரும் நானும், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள்தான் அத்தனை பேரையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள்.

"அத்தைக்குக் கடைசிவரைக்கும் தெரியாதுல்லம்மா?" என்றேன். ஒரு ஆறுதலுக்குத்தான் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்குக் கண்ணு போனப்பறம் சட்டைய நாந்தான் தொவைச்சேன். போறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தச் சட்டைய எடுத்தாரச் சொன்னாக. மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்தாக. அப்பறம் எங்கையில குடுத்து, 'ஒனக்கும் கை வலிக்கும், இனிமே தொவைக்க வேணாம்'னாக. அம்புட்டுதான்."

அவளுடைய பென்ஷன் கோப்பை எடுத்துவரச் சொன்னேன். உள்ளட்டையில் என் சீட்டு பழுப்பேறி, ஊசி துருவேறி, அப்படியே இருந்தது. அதைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெற்றுத்தாளில் எழுத ஆரம்பித்தேன். ‘அடைக்கம்மையாகிய நான் காலஞ்சென்ற சின்னையாவின் விதவை.’ அவள் நின்ற நிலையிலேயே நின்றாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். தலையசைத்தாள்.

கைநாட்டுக்கு முன்னால், விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கியிருந்தது. கேட்காமலே எழுதிவிடலாம், பதில் எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் எழுதிய ஒரு வாக்கியத்தால் வந்த வினையும் எனக்குத் தெரியும். சின்னையாவைத் தவிர வேறு யாரையாவது கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அன்று முதன்முதலாக அவள் சிரித்துப் பார்த்தேன்.

"கட்டலை" என்றாள். "கட்டவும் மாட்டேன்."

அப்படியே எழுதிக்கொண்டேன்.